ஆயா வந்து கையை எடுக்கும்வரை

அந்தச் சனிக்கிழமை மைக்ராஸ்கோப் அறையில் இருந்தவர்கள்: லேபின் தலைவர் ஹாலாஸ்யம் சார், ஆறாவது வருடமாக அங்கே ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ஹம்சவேணி அக்கா, அக்காவின் ஐந்து வயது மகள் காவ்யஸ்ரீ, அக்காவுக்கு அடுத்த மாணவனான நான். என் பெயர் வெள்ளைத்துரை. என் நிறத்தைப் பார்த்துவிட்டு இந்தப் பெயரை முதல் தடவையிலேயே நம்பியவர்கள் யாரும் இல்லை. நான்கு பேருக்கு அந்த அறை போதாது. கரண்ட் இல்லாததால் ஏசியும் ஓடவில்லை. மைக்ராஸ்கோப்பின் அடியில் இருந்த கண்ணாடியை ஜன்னல் பக்கம் திருப்பி, வெயில் வெளிச்சத்தில்தான் பார்த்தோம்.

முதலில் சார் பார்த்தார். குனிந்தவர் நிமிரவில்லை. கடைசியில் நிமிர்ந்து அக்காவுக்கு இடம்விட்டு நகர்ந்து நின்றார். அக்கா பார்த்துவிட்டு என் தோளில் ஓங்கி ஓர் அடி அடித்தாள். பிறகு நான் பார்த்தேன். ஒரு சொட்டுத் திரவம், அதற்குள் நான்கு படிகங்கள். விளிம்புகள் சீவியதுபோல இருந்தன.

அக்கா காவ்யாவைத் தூக்கி ஸ்டூலில் நிறுத்தினாள்.

"என்ன தெரியுது?"

"கல்கண்டு."

சார் சிரித்தார். அவர் சிரிப்பதே அபூர்வம்.

"திங்கலாமா?" என்றாள் காவ்யா.

"தின்னா ஒங்கம்மாவுக்கு டாக்டர் பட்டம் கெடைக்காது" என்றேன்.

உடனே இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். பட்டம் கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. ஐந்து வயதில் அது தெரிந்திருக்க வேண்டியதில்லை.

அக்காவின் புருஷன் சாய்பிரசாத் சூரத்தில் ஜவுளி ஏஜென்சி வைத்திருந்தார். அவரோடு இருக்க முடியாமல் அக்கா கைக்குழந்தையோடு மதுரைக்குத் திரும்பியவள். ஏன் என்று நான் கேட்டதில்லை. லேபில் எல்லார் கையிலும் ஆசிட் தழும்பு இருக்கும். அக்காவின் முழங்கைக்கு மேலே இருந்தது லேபில் வந்த தழும்பு இல்லை. குழந்தை திருமலை நாயக்கர் மகால் பக்கத்துத் தெருவில், மாமனார் வெங்கடரமணன் வீட்டில் வளர்ந்தது. இரண்டு சௌராஷ்டிரக் குடும்பத்துப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசி ஒரு முடிவு சொல்லியிருந்தார்கள். சனிக்கிழமை மட்டும் குழந்தை தாயிடம் இருக்கலாம். ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும்போது அக்கா கையில் நிலையான வேலை இருந்தால் குழந்தை மதுரையிலேயே, அவளோடு. இல்லையென்றால் சூரத்தில் தகப்பனோடு. ஒண்ணாங்கிளாஸ் அங்கேதான்.

வேலை ஒன்று தயாராகவே இருந்தது. ஒரு பெண்கள் கல்லூரியில் விரிவுரையாளர் இடம். மே மாதத்துக்குள் ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டு வரச் சொல்லியிருந்தார்கள். சமர்ப்பிக்க சாரின் கையெழுத்து வேண்டும். சாருக்கு ஒரே பிடிவாதம், என்சைமின் உருவப்படம் இல்லாமல் ஆய்வேடு இல்லை. உருவம் வேண்டுமென்றால் படிகம் வேண்டும். ஆறு வருடமாக வராத படிகம் இரண்டாயிரமாவது வருடம் மார்ச்சில் அந்தச் சொட்டுக்குள் வந்து உட்கார்ந்திருந்தது.

அந்த என்சைமைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சுருக்கமாகவே சொல்கிறேன்.

நம் செல்லுக்குள் புரதங்கள் நூல் மாதிரி பிறக்கின்றன. நூலாகவே கிடந்தால் எதற்கும் ஆகாது. சரியாக மடிந்தால்தான் வேலை செய்யும். தானாக மடியத் தெரியாத நூல்களைப் பிடித்து மடித்துவிட வேறு புரதங்கள் இருக்கின்றன. அவற்றுக்குச் சாப்பரோன் என்று பெயர். அந்தச் சாப்பரோன்களையும் யாராவது மேய்க்க வேண்டும். எங்கள் என்சைம் அப்படி மேய்ப்பவற்றில் ஒன்று. சாப்பரோனிலும் அதன் கூட்டாளிகளிலும் ஒட்டியிருக்கும் பாஸ்பேட்டைக் கத்தரித்துவிடும், அதனால் சாப்பரோன் வேலை செய்கிற வேகம் மாறும் என்பது அக்காவின் எண்ணம். அதன் குடும்பத்தில் அது ஐந்தாவது. நாங்கள் 'அஞ்சு' என்று கூப்பிட்டோம்.

தனியாக இருக்கும்போது அஞ்சு அநேகமாக வேலையே செய்யாது. அதன் தலைப்பகுதி மடிந்து வந்து தன் வாயையே பொத்திக்கொண்டிருக்கிறது என்று அக்கா சொன்னாள். சாப்பரோன் வந்து தன் வாலை நீட்டினால் அஞ்சுவின் தலை அதைப் பிடித்துக்கொள்ளும். தலை நகரும், வாய் திறக்கும். அதற்குப் பிறகுதான் கத்தரிப்பு. இதற்கு அவளிடம் மறைமுக ஆதாரம் நிறைய இருந்தது. அஞ்சுவின் தலையை வெட்டிவிட்டால் அதன் வேலை பல மடங்கு கூடியது. தலையை விட்டுவைத்து, சாப்பரோனின் வால் துண்டைச் சேர்த்தாலும் கூடியது. எனக்கு அதுவே போதுமென்று பட்டது. சாருக்குப் போதவில்லை. கண்ணால் பார்க்க வேண்டும் என்றார்.

காவ்யாவுக்கு அக்கா இதை விளையாட்டாகச் சொல்லிக் கொடுத்திருந்தாள். "நீதான் அஞ்சு. கையால வாயப் பொத்திக்க. ஆயா வந்து கைய எடுத்தாத்தான் வாய் தெறக்கணும்." ஆயா என்றால் அவள் நர்சரியில் பிள்ளைகளுக்குச் சட்டை மாட்டி, காலை மடக்கி உட்கார வைக்கும் ஆயா. அதுதான் சாப்பரோன். காவ்யா எங்கே என்றாலும் திடீரென்று வாயைப் பொத்திக்கொள்வாள். பஸ்ஸில், கேன்டீனில், சாரின் அறையில்கூட. யார் என்ன கேட்டாலும் பதில் வராது. கண் மட்டும் அக்காவையே பார்த்துக்கொண்டிருக்கும். அக்கா வந்து கையை எடுத்ததும் அடக்கி வைத்த பேச்செல்லாம் மொத்தமாகக் கொட்டும், பாதி சௌராஷ்டிரம், பாதி தமிழ். ஒரு தடவை நான் கையை எடுக்கப் போனேன். கடித்துவிட்டாள்.

"நீ ஆயா இல்லடா தொரை" என்றாள் அக்கா. "ஒன் வாலு பொருந்தாது."

மனிதச் செல்லில் அஞ்சு கொஞ்சமாகத்தான் இருக்கும். அதனால் அதன் மரபணுவைப் பாக்டீரியாவுக்குள் வைத்து வளர்த்து, பாக்டீரியாவை உடைத்து வெளியே எடுப்போம். ஒலி அதிர்வால் உடைக்கிற மெஷின் ஒன்று இருந்தது. திருமங்கலத்திலிருந்து டி. கல்லுப்பட்டி போகிற ரோட்டில், பொட்டல் காட்டுக்கு நடுவில், ஒரு மில் முதலாளியின் அறக்கட்டளை கட்டிய லேப் அது. அந்த லைனில் கரண்ட் ஒருநாள் இருக்காது, ஒருநாள் எகிறும். எகிறிய ஒருநாளில் மெஷின் புகைந்துவிட்டது. ரிப்பேருக்குச் சென்னையிலிருந்து ஆள் வரவேண்டும், வரவில்லை. சார் பிரிட்ஜிலிருந்து ஒரு குப்பியை எடுத்துக் கொடுத்தார். லைசோசைம். கோழிமுட்டையின் வெள்ளைக்கருவிலிருந்து எடுக்கிற பொடி, அதுவும் ஒரு என்சைம்தான். பாக்டீரியாவின் சுவரை அரித்துவிடும். எத்தனையோ லேபில் அதைத்தான் போடுகிறார்கள். போட்டதில் தப்பில்லை.

எடுத்த புரதம் சுத்தமா என்று ஜெல்லில் ஓட்டிப் பார்ப்போம். ஜெல்லி மிட்டாய் மாதிரி உறைந்த ஒரு வில்லை. அதில் கரண்டைச் செலுத்தினால் கனமான புரதம் மேலே தங்கும், லேசானது கீழே ஓடும். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு நீலச் சாயம் ஓடும். சாயம் அடியைத் தொடும்போது நிறுத்துவதுதான் பொது வழக்கம். எங்கள் லேபில் வேறு வழக்கம். சாயம் வெளியேறிய பிறகும் விட்டுவைப்போம். அஞ்சு கனமானது, அப்படி விட்டால் அதன் கோடு இறங்கி நடுவில் தனியாக நிற்கும். பார்க்க அழகாக இருக்கும். "நெத்தியில இட்ட கோபிசந்தனம் மாதிரி ஒத்தக் கோடு விழணும்" என்பார் சார். அவருக்கு முன்னால் யார் தொடங்கிய பழக்கமோ தெரியாது. வருகிற மாணவர்கள் எல்லாம் அப்படியே கற்றுக்கொண்டோம். அந்த மாசமும் ஒற்றைக் கோடுதான் விழுந்தது. அத்தனை சுத்தம்.

படிகத்தைப் பார்த்த அன்றே சார் கேட்டார், "ஒண்ணைக் கரைச்சு ஜெல்லில் ஓட்டிப் பார்த்துடலாமாம்மா?"

"நாலே நாலு வந்திருக்கு. அதுல ஒண்ணக் கரைக்கவா?" என்றாள் அக்கா. "முடியாது சார்."

சார் வற்புறுத்தவில்லை. அவருக்கும் மனசு வரவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

படிகத்துக்குள் எக்ஸ்-ரேயைச் செலுத்தி, அது சிதறி விழும் புள்ளிகளை வைத்துத்தான் உருவத்தைக் கணக்கிட முடியும்; அந்த மெஷின் பெங்களூரில் இருந்தது. படிகங்களை மயிரிழைபோன்ற கண்ணாடிக் குழாய்களில் ஏற்றி, இரண்டு முனைகளையும் மெழுகால் அடைத்து, பஞ்சில் சுற்றி, வெயில் படாமல் இருக்க அகலவாய் பிளாஸ்க்கில் வைத்தாள் அக்கா. நாலில் ஒன்று ஏற்றும்போதே நொறுங்கிவிட்டது. மிச்சம் மூன்று. மாட்டுத்தாவணியில் காலை பஸ் ஏறினோம். பிளாஸ்க் அக்காவின் மடியில். பள்ளத்தில் பஸ் இறங்கும்போதெல்லாம் அதை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தாள்.

கண்டக்டர் பார்த்துக்கொண்டே வந்தார். திண்டுக்கல் தாண்டியதும் பொறுக்க முடியவில்லை. "ஏம்மா, பிளாஸ்க்குல பாலு இருக்கு, கைப்பிள்ளையக் காணோமே?"

"கைப்பிள்ளையே அதுக்குள்ளதான்ணே இருக்கு."

"அப்பச் சரி. மடியில வச்சா டிக்கெட் இல்ல."

அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். அந்தப் பயணம் முழுக்கப் பேசிக்கொண்டே வந்தாள். தெப்பக்குளம் பக்கம் வீடு பார்த்து வைத்திருக்கிறாள். இரண்டு ரூம். காவ்யாவுக்கு ஸ்கூல் நடந்து போகிற தூரம். மாடியில் தண்ணி ஏறாது, பரவாயில்லை. "நீ வந்து கொடத்த தூக்கி வய்யி தொரை. ஒனக்கு என்ன ஜோலி?"

"எங்க ஊர்ல என்னைய ஆராய்ச்சி பண்றவன்னு சொல்லிக்கிட்டிருக்காங்கக்கா."

"தண்ணிக் கொடத்தையும் ஆராய்ச்சி பண்ணு."

மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தவர் கிரிதர். மதுரை சிம்மக்கல்காரர். பெங்களூர் போய்ப் பல வருடம் ஆகியும் பேச்சு மாறவில்லை. எங்களைப் பார்த்ததும், "மதுரையில இருந்து வெறுங்கையோட வாரீங்க? நாலு முழம் மல்லியப்பூ கொண்டாந்திருந்தா என் வீட்டம்மா ஒரு வாரம் சண்டை போட மாட்டாளே" என்றார்.

முதல் குழாயை எடுத்துப் பார்த்தார். வழியில் விரிசல் விட்டிருந்தது. இரண்டாவதை மாட்டி, கதவை மூடி, எக்ஸ்-ரேயைத் திறந்தார். திரையில் முதலில் ஒன்றுமில்லை. பிறகு புள்ளிகள். நடுவிலிருந்து ஓரம்வரைக்கும், வரிசை வரிசையாக, மார்கழிக் கோலத்துக்கு வைத்த புள்ளி மாதிரி.

"அம்மாடி!" என்றார் கிரிதர். "இம்புட்டு நல்லா ஓரம்வரைக்கும் வந்து நான் பாத்து நாளாச்சு. யாரும்மா வளர்த்தது?"

"நான்தான் சார்."

"கைராசி."

அக்கா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். வலித்தது. பிடியை விட்டுவிட்டு, "இரு தொரை, போன் பண்ணிட்டு வாரேன்" என்று ஓடினாள். கேட்டுக்கு வெளியே ஓர் எஸ்.டி.டி. பூத் இருந்தது.

படம் எப்படியும் வந்துவிடும். அதற்கு வாரக்கணக்கில் கணக்குப் போட வேண்டும். ஆனால் படிகம் எந்த வகை, அதில் திரும்பத் திரும்ப அடுக்கியிருக்கும் பெட்டியின் நீள அகலம் என்ன என்பதைக் கம்ப்யூட்டர் உடனே சொல்லிவிடும். கிரிதர் அதை ஓடவிட்டுவிட்டு என்னிடம் கோனார் கடை மூடிவிட்டார்களா, வைகையில் தண்ணி வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தார். எண்கள் வந்தன. பேச்சைப் பாதியில் நிறுத்தினார்.

"மாப்ள" என்றார். "செல்ல எத வச்சு ஒடச்சீங்க?"

"லைசோசைம் சார். எங்க மெஷின் ரிப்பேரு."

அவர் கீபோர்டிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"என்னங்க சார்?"

"எழுபத்தொம்பது, எழுபத்தொம்பது, முப்பத்தெட்டு" என்று திரையைக் காட்டினார். "என் பைக் நம்பர்கூட எனக்கு மறந்துபோகும் மாப்ள. இந்த மூணு மறக்காது. மெஷின் ஒழுங்கா ஓடுதான்னு பாக்க வாராவாரம் இதைத்தான் மாட்டுவோம். இது ஒங்க என்சைம் இல்ல. முட்டையில இருந்து வார லைசோசைம். உப்புல போட்டா சும்மா ரெண்டு நாள்ல கல்லு கல்லா வளரும்."

எனக்கு முதலில் புரியவில்லை. ஜெல்லில் ஒற்றைக் கோடு இருந்ததே என்றேன்.

"லைசோசைம் ரொம்பச் சின்னது. சாயத்தோடயே ஓடும். ஜெல்ல எதுவரைக்கும் விடுவீங்க?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன், அப்போது புரிந்துவிட்டது. சாயத்தோடு சேர்ந்து அது ஒவ்வொரு தடவையும் அடியில் வெளியேறி, தொட்டித் தண்ணீரில் கலந்து, நாங்கள் அதை சிங்க்கில் கொட்டியிருக்கிறோம். அஞ்சுவோடு கூடவே வந்த அந்த மிச்சத்தை நாங்கள் யாரும் பார்க்கவே இல்லை. சொட்டில் அஞ்சு கரைந்தே கிடந்திருக்கிறது. கல்லானது முட்டை.

அக்கா வந்துவிட்டாள். கையில் மைசூர்பாக் பொட்டலம்.

"அத்தைதான் எடுத்தாங்க. காவ்யாகிட்ட குடுக்கச் சொல்லி நானே சொல்லிட்டேன். கல்கண்டு வந்துருச்சுடி, ஜூன்ல நம்ம வீடுன்னு. ஒரு சத்தம் போட்டா பாரு, பூத்காரரு திரும்பிப் பாக்குறாரு…" பேசிக்கொண்டே வந்தவள் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தாள். "என்ன?"

கிரிதர் என்னிடம் கேட்ட அதே கேள்வியைக் கேட்டார். மெதுவாகக் கேட்டார். "செல்ல எத வச்சும்மா ஒடச்சீங்க?"

"லைசோ…" என்றவள் அந்த வார்த்தையை முடிக்கவில்லை. திரையைப் பார்த்தாள். எண்களைப் பார்த்தாள். அவளுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"இன்னொண்ணு இருக்கு சார்" என்றாள்.

"ஒரே சொட்டுல வந்ததுதானம்மா."

"மாட்டிப் பாருங்க."

மாட்டினார். அதே புள்ளிகள். அதே அழகு. அதே மூன்று எண்கள்.

அக்கா பொட்டலத்தைப் பிரித்து அவர்முன் நீட்டினாள். "எடுத்துக்குங்க சார். வாங்கியாச்சு." அவர் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். வேறு என்ன செய்வார். எனக்கும் ஒன்று கொடுத்தாள். அவள் சாப்பிடவில்லை.

ஊருக்குத் திரும்பும்போது பிளாஸ்க் மேலே பைகள் வைக்கிற கம்பியில் கிடந்து உருண்டது. சேலம் தாண்டியபோது, "சாயம் வெளிய போறவரைக்கும் விட்டோமே தொரை" என்றாள்.

நடந்ததையெல்லாம் சார் முழுசாகக் கேட்டார். பிறகு, "திரும்பப் போட்டுப் பார்ப்போம். ஆறு மாசம் குடு" என்றார்.

"ஆறு மாசத்துல எம்பொண்ணு சூரத்துல காப்பரீட்சை எழுதுவா சார்." அக்கா குரலை உயர்த்தவில்லை. "இருக்கறத வச்சு எழுதித் தாரேன். தலைய வெட்டுனா வாய் தெறக்குது. வாலைக் குடுத்தாலும் தெறக்குது. அது பொய்யில்லையே. அதுக்குக் கையெழுத்துப் போடுங்க."

"படம் இல்லாட்டா அது ஊகம்தாம்மா. வெளிநாட்டில் ஒருத்தன் ஆய்வேட்டைத் திருத்துவான். என்ன கேட்பான்னு எனக்குத் தெரியும்."

"நீங்க கேக்காம இருந்தாப் போதும் சார்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அடுத்த வருடம் ஓய்வு பெறப் போகிறவர். ஒரே ஒரு உருவப்படத்தோடு போக ஆசைப்பட்டார். கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அக்கா ஏப்ரல் முழுக்க வேலை செய்தாள். லைசோசைம் இல்லாமல், பாக்டீரியாவைப் பனிக்கட்டியாக உறையவைத்து, உருக்கி, திரும்ப உறையவைத்து உடைத்தாள். ஜெல்லைச் சாயம் அடியைத் தொட்டதும் நிறுத்தினாள். இப்போது உண்மையிலேயே சுத்தம். நூற்றுக்கணக்கான சொட்டுகள் போட்டாள். எல்லாம் தெளிந்த தண்ணீராகவே இருந்தன. அஞ்சுவின் தலை கொஞ்சம் ஆடிக்கொண்டிருக்கும் போலிருக்கிறது, ஒன்றோடொன்று அடுக்க வரவில்லை. மே முடிந்தது. கல்லூரியில் வேறு ஒருத்தி சேர்ந்துவிட்டாள்.

மாமனார் வீட்டில் ஒரு கேள்விதான் கேட்டார்களாம். வெங்கடரமணன் கேட்டது: "வந்துருச்சுன்னு நீதானம்மா சொன்ன?"

ஐந்து வருடம் கழித்து வெளிநாட்டில் ஒரு குழு அஞ்சுவின் முழு உருவத்தையும் கண்டுபிடித்துப் போட்டது. நான் அதற்குள் ஆராய்ச்சியை விட்டுவிட்டு ஒரு குளிர்பதனக் கிடங்கில் நைட் ஷிப்டில் இருந்தேன், இன்னும் இருக்கிறேன். ஷிப்ட் முடிந்து ஒருநாள் காலையில் பிரவுசிங் சென்டரில் எதையோ தேடும்போது படம் வந்தது. தலை மடிந்து வாயைப் பொத்திக்கொண்டிருந்தது. அக்கா கையை வைத்துக் காட்டியபடியேதான். தலை கொஞ்சம் சாய்ந்து இருந்தது, அவ்வளவே வித்தியாசம். அக்கா அப்போது பரமக்குடிப் பக்கம் ஏதோ மெட்ரிகுலேஷன் பள்ளியில் டீச்சராக இருப்பதாகக் கேள்வி. விலாசம் தெரிந்தவர்கள் இருந்தார்கள். நான் வாங்கவில்லை. அந்தப் படத்தை வைத்து அவள் என்ன செய்வாள்?

அந்த ஜூனில் நடந்ததைச் சொல்கிறேன்.

சாய்பிரசாத் குழந்தையை அழைத்துப்போக வந்திருந்தார். அது ஒரு சனிக்கிழமை. மத்தியானத்துக்குள் கொண்டுவந்து விடச் சொல்லியிருந்தார்கள், சாயங்காலம் ரயில். அக்கா என்னையும் வரச் சொன்னாள். காவ்யாவுக்குப் புது ஸ்கூல் பை வாங்கியிருந்தாள், ரோஸ் கலரில். அதற்குள் உடுப்பும் தண்ணீர் பாட்டிலும். மகால் வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கி நடந்தோம். வெயில் கொளுத்தியது. சாயம் தோய்த்த நூலைத் தெருவில் காயப்போட்டிருந்தார்கள், குனிந்து குனிந்து போக வேண்டியிருந்தது. காவ்யா மட்டும் நிமிர்ந்து நடந்தாள்.

"அம்மா, அந்தக் கல்கண்டு அஞ்சு இல்லியா?"

"இல்லடி. அது முட்டை."

"முட்டைக்குள்ள கல்கண்டு இருக்குமா?"

"இருக்கும்."

"கோழிக்குத் தெரியுமா?"

"தெரியாது."

காவ்யாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "மாமா, கோழிக்கே தெரியாதாம்" என்று என்னிடம் வந்து சொன்னாள். நானும் சிரித்தேன். அக்காவும் சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன். அவள் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தாள்.

வீட்டு வாசலில் மாமியார் பத்மாசினி நின்றிருந்தார். உள்ளே ஆண் குரல்கள் கேட்டன. யாரும் வெளியே வரவில்லை. அக்கா பையைக் காவ்யாவின் தோளில் மாட்டி, வாரை இறுக்கினாள். இறுகிய பிறகும் இறுக்கிக்கொண்டே இருந்தாள். சௌராஷ்டிரத்தில் என்னவோ சொன்னாள். எனக்குப் புரியவில்லை. சாப்பாடு, தூக்கம், தலைக்கு எண்ணெய் என்பது போன்ற சாதாரணப் பேச்சாகத்தான் ஒலித்தது.

"உள்ள வாடி கண்ணு. அப்பா காத்துக்கிட்டிருக்காரு" என்றார் பத்மாசினி. அவர் கண்ணும் சிவந்திருந்தது. ஆனால் வழிவிட்டு நிற்கவில்லை, கதவைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

காவ்யா படி ஏறினாள். மேல் படியில் நின்று திரும்பினாள். வலது கையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

கண் அக்காவையே பார்த்தது. விளையாட்டாகச் செய்தாளா, வேறு எதற்காகவா, எனக்கு இன்றுவரை தெரியாது. அப்படியே நின்றாள். பத்மாசினி என்னவோ கேட்டார், பதில் இல்லை. தெருவில் ஒரு சைக்கிள்காரன் மணியடித்துக்கொண்டு போனான். அவள் கண்ணை எடுக்கவில்லை.

அக்கா ஒரு படி ஏறிப் போய்க் கையை எடுத்துவிட்டால் போதும். எடுத்தால் அதற்குப் பின்னால் இருப்பது அத்தனையும் கொட்டும். அதை வாங்கிக்கொள்ள அவளிடம் வீடு இல்லை, வேலை இல்லை. அவளுடைய இரண்டு கைகளும் முந்தானையைப் பிடித்திருந்தன. அவள் ஏறவில்லை.

"அக்கா" என்றேன்.

"பேசாம இரு தொரை."

பத்மாசினி குழந்தையின் இடது கையைப் பிடித்து உள்ளே இழுத்தார். காவ்யா பின்னோக்கி நடந்தே போனாள், முகம் எங்கள் பக்கம். வலது கை வாயைவிட்டு இறங்கவில்லை. ரோஸ் பை நிலைப்படியில் இடித்து, பிறகு உள்ளே போனது.

கதவைச் சாத்தினார்கள். தாழ்ப்பாள் விழுந்தது. அதற்குப் பிறகு உள்ளிருந்து சாவியும் திரும்பியது.